ஜெனவியேவ் இறங்கிய மலை

புஸ்பராணி முதன்முதலில் அதைப் பார்த்தபோது, யாரோ மலையிலிருந்து தவறி விழுந்துகொண்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள்.

எண்பத்தைந்தாம் ஆண்டு சனவரி மாதம். பாரிசுக்கு வந்து அவளுக்கு ஒரு குளிர்காலம்கூட முழுதாக முடிந்திருக்கவில்லை. லா சப்பலில், மெற்றோ ரயில் மேம்பாலத்தில் ஏறி ஓடும் சத்தம் சன்னலை அதிரவைக்கிற தூரத்தில், ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் ஒற்றை அறை. கணவன் இராயப்பு ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் கோப்பை கழுவினான். அவள் விடியற்காலையில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த ஒரு கம்பனிக் கந்தோரைக் கூட்டித் துடைத்துவிட்டு, வெயில் ஏறுமுன் வீட்டுக்கு வந்துவிடுவாள். அதற்கு மேல் வெளியே போக அவளுக்குத் துணிச்சல் இல்லை. தெருவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் என்ன சொல்வது? பொலிஸ்காரன் பத்திரம் கேட்டால்?

அன்றைக்குப் பால் முடிந்துவிட்டதால் இறங்கினாள். கீழ்வாசலை ஒட்டிய சின்ன அறையின் கதவு திறந்தது. ஒரு கை நீண்டு அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தது.

மதாம் பியட்றிஸ். கட்டடத்தின் காவல்காரி, அந்த அறைதான் அவளுக்கு வீடும் வேலைத்தலமும். படிக்கட்டில் ஒரு துளி தண்ணீர் சிந்தினாலும் ஆறு மாடிக்கும் கேட்க ஏசுகிற மனுசி. காலையில் வாளி கொண்டுபோனபோது சிந்திவிட்டேனாக்கும் என்று புஸ்பராணி நினைத்தாள். ஆனால் மனுசி ஏசவில்லை. தொலைக்காட்சிக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு அவளை இருத்தினாள். பிறகு தான் போய் அடுப்புப் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"பார்" என்றாள். அந்தப் பிரெஞ்சுச் சொல் புஸ்பராணிக்குத் தெரியும்.

பார்த்தாள். வெள்ளைச் சுவர் மாதிரி ஒரு மலை. அதன்மேல் நீலப் பொட்டொன்று கீழே வந்துகொண்டிருந்தது. வந்துகொண்டிருந்தது என்பதும் சரியில்லை, மலை அதை உதறி எறிந்துவிட்டது போலிருந்தது. கமரா கிட்டப் போனபோது அது ஆளாயிற்று. தலையில் கவசம், முழங்கால் நெஞ்சில் முட்டும்படி மடங்கிய உடம்பு, காலில் நீளமாய் இரண்டு கட்டைகள். ஓரிடத்தில் நிலம் முடிந்துபோனது. ஆள் காற்றில் மிதந்தது. புஸ்பராணி "மடு மாதாவே!" என்று கத்திவிட்டாள்.

"தெபு?" என்று கேட்டாள் மதாம் பியட்றிஸ், திரும்பாமலே.

அந்தச் சொல்லும் அவளுக்குத் தெரியும். விசா வரிசையில் களைத்துப்போய்த் தரையில் இருந்தவர்களை அதிகாரி அப்படிச் சொல்லித்தான் எழுப்பினான். தெபு, நிற்கிறதா, எழுந்து நிற்கிறதா. அவள் திரையைப் பார்த்தாள். நீல ஆள் நிலத்தைத் தொட்டு, ஒருமுறை உலைந்து, மறுபடி குனிந்து, இரண்டு கொடிகளுக்கிடையால் பாய்ந்து, முடிவுக்கோட்டைத் தாண்டி, வெண்புழுதி கிளம்ப வளைந்து நின்றது.

"தெபு, மதாம். தெபு!"

மனுசி அப்போதுதான் திரும்பினாள். திரையில் அந்த ஆள் கவசத்தைக் கழற்றியது. வியர்வையில் ஒட்டிய செம்பட்டை மயிர், கன்னம் சிவந்த ஒரு பெண்பிள்ளை, மூச்சிரைக்கச் சிரித்தாள். மதாம் பியட்றிஸ் தன் நெஞ்சைத் தொட்டாள். பிறகு திரையைத் தொட்டாள்.

"என் மகள்" என்றாள். "ஜெனவியேவ்."

*

அன்றிலிருந்து பந்தயம் காட்டுகிற நாட்களில் புஸ்பராணி அந்த அறையில் இருந்தாக வேண்டுமென்று ஆயிற்று. தாய்க்குப் பார்க்கத் துணிவில்லை, பார்க்காமலிருக்கவும் முடியவில்லை. அதனால் புஸ்பராணி பார்த்தாள், பியட்றிஸ் அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். அப்படிக் கேட்டும் சொல்லியும்தான் புஸ்பராணிக்குப் பிரெஞ்சு வந்தது. மேலே, கீழே, வேகம், வளைவு, விழவில்லை. அவளுடைய முதல் பிரெஞ்சுச் சொற்களெல்லாம் மலையிலிருந்து இறங்கிவந்த சொற்கள்.

மகளின் கதையும் துண்டுதுண்டாகக் கிடைத்தது. ஜெனவியேவ் பிறந்ததே இந்த அறையில்தான். சின்ன வயதில் அவளுக்கு மூச்சுத்திணறல். ரயில் புகையும் நிலக்கரித் தூசியும் இந்தப் பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லி, வைத்தியர் அவளை ஆல்ப்ஸ் மலையிலிருந்த பிள்ளைகள் சுகநிலையம் ஒன்றுக்கு அனுப்பினார். ஒரு வருடத்துக்கென்று போனாள். மற்றப் பிள்ளைகள் போர்வைக்குள் சுருண்டு வெயில் காய, இவள் பால் கொண்டுவருகிறவனின் ஸ்கி கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு பின்பக்கச் சரிவால் இறங்கிவிட்டாள். பிடித்துவர ஆள் அனுப்பினார்களாம். பிடிபட்டபோது அவள் மூச்சு வாங்கவில்லை. அந்த விசயத்தைத்தான் வைத்தியர்களாலும் நம்ப முடியவில்லை.

பிறகு அவள் பாரிசுக்குத் திரும்பவேயில்லை. மாகாணப் போட்டி, இளையோர் அணி, கடைசியில் நாட்டின் அணி. அவளுடைய பந்தயம் மலையுச்சியிலிருந்து அடிவாரம்வரை ஒரே மூச்சில் இறங்குவது, இருப்பதிலேயே வேகமானது. பல வருடங்கள் பின்வரிசையிலேயே கிடந்தாள். அந்த எண்பத்தைந்தாம் வருடம்தான் முதல் தடவையாக மூன்றாமிடம் எடுத்து மேடையில் ஏறினாள்.

பலசரக்குக்கடை ஞானசுந்தரத்தார் பத்திரிகையில் வந்த படத்தை வெட்டி, கல்லாவுக்கு மேல் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

"தங்கச்சி, இதைக் கேட்டீரோ?" என்றார் புஸ்பராணியிடம். "மணிக்கு நூறு கிலோமீற்றருக்கு மேலயாம். மோட்டரும் இல்லை, பிறேக்கும் இல்லை. எங்கட றோட்டுப் பிள்ளை!"

"விழேக்கை என்னண்ணை செய்யிறது?"

"அதை அந்தப் பிள்ளையட்டைத்தான் கேக்கோணும்."

அதைப் பார்க்கிற நாளும் வந்தது.

அடுத்த சனவரி. புஸ்பராணி முதன்முதலில் கண்ட அதே மலை. அதில் ஒரு வளைவு இருந்தது. அங்கேயிருந்து கீழே ஊர்க்கோயிலின் மணிக்கூண்டு தெரிவதால் மணிக்கூண்டு வளைவு என்று பேர். ஜெனவியேவ் அன்று மற்ற எல்லோரையும்விட வேகமாக வந்துகொண்டிருந்தாள். அறிவிப்பாளனின் குரல் ஏறிக்கொண்டே போனது. அடுப்பைப் பார்த்து நின்ற தாயின் தோள்கள் அந்தக் குரலோடு உயர்ந்தன. வளைவில் ஒரு கட்டை மட்டும் மெல்ல விலகியது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆளும் கட்டையும் பனியும் வேறுவேறாகத் தெரியவில்லை. சுருண்டு, எகிறி, பாதையோர வலையை அறுப்பதுபோல் மோதி, ஆள் அசையாமல் கிடந்தது. அறிவிப்பாளன் மௌனமானான்.

"தெபு?"

புஸ்பராணியின் வாயில் பொய் வந்து நின்றது. ஒரேயொரு சொல். சொல்லிவிட்டால் இன்னும் கொஞ்ச நேரத்துக்கு இந்த அறையில் ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் ஒரு வருடமாக இந்த மனுசி தன் கண்ணை இவளிடம் ஒப்படைத்திருக்கிறாள். அவள் எழுந்துபோய் பியட்றிஸைப் பின்னாலிருந்து இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"இல்லை, மதாம்."

இருவரும் அப்படியே நின்றார்கள். திரையில் ஹெலிகொப்ரர் வந்து இறங்குகிற சத்தம் கேட்டது.

*

ஜெனவியேவ் உயிர் பிழைத்தாள். வலது முழங்கால்தான் போயிற்று. உள்ளே இருந்த நார்களெல்லாம் அறுந்துபோயின. நடப்பாள், ஓடமாட்டாள், ஸ்கியைப் பற்றி இனிப் பேச்சே வேண்டாம் என்று வைத்தியர்கள் சொன்னதாக பியட்றிஸ் சொன்னாள். அதைச் சொன்னபோது மனுசியின் முகத்தில் துக்கத்தோடு ஒரு நிம்மதியும் இருந்தது. புஸ்பராணி அதைக் கவனித்தாள். தாய்தானே என்று விட்டுவிட்டாள்.

கோடையில் மகள் லா சப்பலுக்கு வந்தாள். ஊன்றுகோலோடு வாசலில் நின்றவளை நேரில் கண்டபோது புஸ்பராணிக்கு முதலில் தோன்றியது, இவ்வளவு சின்ன ஆளா என்பதுதான். திரையில் மலையளவு தெரிந்தவள் அவளுடைய தோளுக்குத்தான் வந்தாள். ஆனால் காலைப் பார்த்தால் வேறு கதை. நோய்ப்பட்ட கால் மெலிந்து, தையல் போட்ட தழும்போடு நீலம் பாரித்திருந்தது. மற்றது தூண்.

"நீங்கள்தான் என் அம்மாவின் கண்கள்" என்றாள் ஜெனவியேவ், கன்னத்தில் முத்தமிட்டு. "விழுந்ததைப் பார்த்தீர்கள், இல்லையா? எனக்குச் சொல்லுங்கள். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை."

புஸ்பராணி தனக்குத் தெரிந்த பிரெஞ்சிலும் மிச்சத்தைக் கையாலும் சொன்னாள். வலது கட்டை விலகியதைக் காட்டினாள். ஜெனவியேவ் கண்ணிமைக்காமல் பார்த்துவிட்டு, "திரும்ப ஒருமுறை" என்றாள். திரும்பக் காட்டினாள். "திரும்ப."

ஒரு கிழமையில் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு அவள் படியேறத் தொடங்கினாள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஆறு மாடி. பிறகு இறக்கம். ஏற்றத்தைவிட இறக்கம்தான் அவளை அழவைத்தது. கண்ணீர் தன்பாட்டில் வடியும், கால் தன்பாட்டில் இறங்கும். வேலையால் வந்து ஏறிய இராயப்பு, ஓரத்தில் ஒதுங்கி நின்று வழிவிட்டு, அறைக்குள் வந்ததும் சொன்னான்.

"இஞ்சரும், நான் இவ்வளவு நாளும் இந்தப் படியைத் திட்டிக்கொண்டு ஏறினனான். இனித் திட்டமாட்டன்."

ஆனால் புஸ்பராணியை வாயடைக்கச் செய்தது படியல்ல.

யூலையில் ஒரு பகல். வெக்கைக்குச் சன்னல் திறந்து கிடந்தது. தெருவில் மீன் வாங்குகிறவர்களின் சத்தம். பியட்றிஸ் கடைக்குப் போயிருந்தாள். புஸ்பராணி கறிக் கிண்ணமொன்றைக் கொடுக்க வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். அறையின் நடுவில் ஜெனவியேவ் வெறுங்காலோடு நின்றிருந்தாள். கண்கள் மூடியிருந்தன. உடம்பை மடக்கி, கைகளை முன்னே நீட்டி, இடமும் வலமுமாகச் சாய்ந்துகொண்டிருந்தாள். கைகள் சின்னதாக வளைந்து வளைந்து வழியைக் கீறின. மூச்சு ஊதி ஊதி வெளியே வந்தது. மூடிய இமைகளுக்குள் விழிகள் ஓடுவது தெரிந்தது. கதிரைக்கும் மேசைக்கும் நடுவில், அசையாத நிலத்தில், அவள் அந்த மலையில் இறங்கிக்கொண்டிருந்தாள். புஸ்பராணிக்கு அது உடனே விளங்கியது. அவளும் அந்த மலையைப் பலமுறை பார்த்தவள்தானே. இது முதல் பாய்ச்சல். இது மரக்காட்டுக்குள் புகுகிற இடம். இது நீண்ட நேர்கோடு. இனி மணிக்கூண்டு வளைவு.

ஜெனவியேவின் நெற்றி சுருங்கியது. இடது கை நடுங்கியது. கண் திறந்துவிட்டது.

வாசலில் நின்றவளைக் கண்டதும் அவள் வெட்கப்படவில்லை. "ஒவ்வொரு நாளும் அங்கேயே நின்றுபோகிறது" என்றாள் சோர்வாக. "மூடிய கண்ணுக்குள்ளேகூட அந்த இடத்தைத் தாண்டமுடியவில்லை."

"பயமா?" என்று பிரெஞ்சில் கேட்டாள் புஸ்பராணி.

"ஓம்" என்றாள் ஜெனவியேவ். அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்த ஒரே தமிழ்ச்சொல் அது. "அம்மாவிடம் சொல்லவேண்டாம்."

கோடை முழுவதும் அது நடந்தது. நேரம் கிடைத்தால் புஸ்பராணி வந்து சுவரோரம் இருப்பாள். ஒரு மனித உடம்பு தான் நொறுங்கிய இடத்துக்குத் தானாகவே திரும்பத் திரும்பப் போவதை, போய்த் தோற்று வருவதை, வந்து முகம் கழுவிவிட்டு மறுபடி உச்சியிலிருந்து தொடங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கோயிலில்கூட அவள் இவ்வளவு அசையாமல் இருந்ததில்லை.

செப்ரெம்பரில், மழை தூறிய ஒரு நாள், கண்கள் திறக்கவில்லை. நெற்றி சுருங்கியது, கை நடுங்கியது, உடம்பு இடப்பக்கம் நன்றாகச் சாய்ந்தது, பிறகு நிமிர்ந்தது. கைகள் இன்னும் ஓடின. புஸ்பராணி தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு வருகிற சரிவை ஜெனவியேவ் முதன்முறையாக இறங்கினாள். கடைசிப் பாய்ச்சல். கோடு. கண்ணைத் திறந்தபோது அவள் முகம், இதோ இந்த வாசலால் வெளியே போய் உண்மையிலேயே பனியில் நிற்கப்போகிறவளின் முகமாயிருந்தது.

அடுத்த கிழமை ரயிலேறினாள். பியட்றிஸ் ஏசினாள், அழுதாள், கடைசியில் சாப்பாடு கட்டிக்கொடுத்தாள்.

*

ஒரு குளிர்காலம் சின்னப் பந்தயங்களில் போனது. எண்பத்தெட்டு சனவரியில் அந்த மலைக்கே திரும்புகிறாள் என்று செய்தி வந்தது. இந்த முறை தொலைக்காட்சி வேண்டாம், நேரே போவோம் என்று சொன்னது புஸ்பராணிதான். பால் வாங்கவே பயந்து இறங்கியவள், மதாம் பியட்றிஸையும் இராயப்புவையும் கூட்டிக்கொண்டு கார் து லியோன் நிலையத்தில் ரயில்பெட்டி தேடி ஏற்றினாள்.

மலையை அவள் நேரில் கண்டாள். தொலைக்காட்சி பொய் சொல்லியிருந்தது. அது சரிவைச் சரிவாகக் காட்டியிருந்தது. இதுவோ அண்ணாந்து பார்க்கிற சுவர். வலையோரமாக நடந்து மணிக்கூண்டு வளைவுக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். பந்தயப் பாதை பஞ்சுப் பனியில்லை. தண்ணீர் தெளித்து உறையவிட்ட கண்ணாடி. இராயப்பு ஒரு காலை வைத்துப் பார்த்து, விழப்போய், வலையைப் பிடித்துக்கொண்டான்.

"இதிலயோப்பா வாறவை? இதில நிக்கவே ஏலாது!"

பியட்றிஸ் வழக்கம்போல முதுகைத் திருப்பிக்கொண்டு மரங்களைப் பார்த்து நின்றாள். அவளுடைய கை புஸ்பராணியின் கோட்டுப் பையைப் பிடித்திருந்தது.

முதல் ஆள் வந்தபோது கண்ணுக்குமுன் காதுக்குத்தான் தெரிந்தது. முரட்டுத் துணியை ஒரே இழுவையில் கிழிப்பதுபோல மேலேயிருந்து ஒரு சத்தம். திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் கடந்துபோயிருந்தது. முகத்தில் பனித்தூள் ஊசியாய்க் குத்தியது. காற்று ஒரு கணம் தள்ளிவிட்டுப் போனது. இவ்வளவு காலமும் ஒலியைக் குறைத்துவைத்த ஒரு பெட்டியில் தான் பார்த்தது எதுவென்று புஸ்பராணிக்கு அப்போது விளங்கியது. ஒருத்தர் பின் ஒருத்தராகக் கடந்தார்கள். ஒருத்தி அந்த வளைவிலேயே சறுக்கி வலையில் போய் விழுந்து, எழுந்து, நொண்டிக்கொண்டு போனாள்.

பிறகு ஒலிபெருக்கியில் ஜெனவியேவின் பெயர்.

மேலே மரங்களுக்கிடையில் நீலம் தெரிந்தது. நேர்கோட்டில் அது வளர்ந்தது. ஜெனவியேவ் வளைவுக்குள் வந்தாள், மற்றவர்களைப் போல வெளிப்பக்கம் ஒதுங்கிப் பாதுகாப்பாக அல்ல, உள்ளே, கொடிக்கம்பு தோளில் அறைய. உடம்பு பனியை உரசுமளவுக்குச் சாய்ந்தது. வலது கட்டை நடுங்கியது. அந்தக் கால் அதை நடுங்கவிட்டு, பிறகு அழுத்திப் பிடித்தது. கவசத்தின் கண்ணாடிக்குக் கீழே திறந்த வாயைப் புஸ்பராணி கண்டாள். பல்லைக் கண்டாள். அவ்வளவு கிட்ட. கிழிபடும் சத்தம் அவர்களுக்கூடாகப் போனது. நீலம் வளைவைக் கடந்து கீழே விழுந்து, சிறுத்து, இல்லாமல் போயிற்று.

"தெபு?" பியட்றிஸின் குரல் கீச்சிட்டது. "தெபு?"

புஸ்பராணி இன்னும் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இராயப்புதான் கத்தினான்.

"தெபு, மதாம்! நிக்கிறா! போய்ட்டா, போய்ட்டா!"

நான்காமிடம். மேடையில் மூன்று பேருக்குத்தான் இடம். ஆனால் ஜெனவியேவ் முடிவுக்கோட்டில் தன் வலது முழங்காலைக் குனிந்து முத்தமிட்டதைச் சனம் பார்த்தது. கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. தாயைக் கண்டதும் அவள் கேட்டாள்: "அம்மா, இவ்வளவு தூரம் ரயிலேறி மரம் பார்க்கவா வந்தாய்?" பியட்றிஸ் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நல்ல மரங்கள் என்றாள்.

அந்தக் குளிர்காலத்தோடு ஜெனவியேவ் நிறுத்திக்கொண்டாள். கடைசிப் பந்தயமொன்றில், பனிமூட்டத்தால் தொலைக்காட்சி காட்டாத ஒரு நாளில், முதலாமிடம் வந்தாள். தொலைபேசியில் சொன்னபோது லா சப்பலில் ஒருவரும் முதலில் நம்பவில்லை. ஞானசுந்தரத்தார் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தார்.

ஆனால் அந்த மலையூரில், நான்காமிடம் வந்ததன் மறுநாள் காலையில், இன்னொன்றும் நடந்தது. தாயையும் இராயப்புவையும் கோப்பிக் கடையில் இருத்திவிட்டு, ஜெனவியேவ் புஸ்பராணியைக் கம்பிவடத்தில் தொங்கி ஓடும் கூண்டில் ஏற்றி உச்சிக்குக் கூட்டிப்போனாள். பந்தயம் தொடங்குகிற மரக்குடில் இன்னும் கழற்றப்படவில்லை. "வாருங்கள்" என்று கையைப் பிடித்துக் கொண்டுபோய், அவர்கள் ஒவ்வொருவரும் புறப்படுகிற அந்த வாசலில் நிறுத்தினாள்.

சரிவு தெரியும் என்று நினைத்துத்தான் புஸ்பராணி குனிந்தாள். சரிவு இல்லை. அவளுடைய சப்பாத்துக்கு முன்னால் ஒரு விளிம்பு இருந்தது. விளிம்புக்கு அப்பால் காற்று. காற்றுக்கு அப்பால், நம்பமுடியாத ஆழத்தில், கோதுமை மணியளவில் கூரைகள். சுற்றிலும் வெயில் பட்டு எரிகிற சிகரங்கள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, முடிவில்லாமல். எந்தச் சத்தமும் இல்லை. அவள் மரச்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இதாலயோ?" என்று தமிழிலேயே கேட்டாள்.

ஜெனவியேவுக்கு மொழி தேவைப்படவில்லை. தலையாட்டினாள். பிறகு குனிந்து தன் கட்டைகளைப் பூட்டிக்கொண்டாள்.

"நீங்கள் கூண்டில் இறங்குங்கள். கீழே சந்திப்போம்."

"பாத்துப் போம், பிள்ளை" என்றாள் புஸ்பராணி. சொன்ன பிறகுதான், யாருக்கு என்ன சொல்கிறேன் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. ஜெனவியேவும் சிரித்தாள். கைத்தடிகளை ஊன்றினாள். முன்னே சாய்ந்தாள். விளிம்பில் அவளைக் காணவில்லை.

புஸ்பராணி சட்டத்தை விடாமல் எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் வெண்மை மட்டும் இருந்தது. பிறகு வெகு கீழே, மரக்காட்டைத் தாண்டி, ஒரு சின்ன உருவம் அவசரமேயில்லாமல், பெரிய பெரிய வளைவுகளாக, மலையின் முழு அகலத்திலும் எழுதிக்கொண்டு போனது. அது கண்ணிலிருந்து மறைந்த பிறகும் அவள் நெடுநேரம் அங்கேயே நின்றாள்.